மூன்றாவது தட்டு

(திருச்சியில் பட்டறைத் தொழிலாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்த பொருள் துப்பாக்கி. போல்ட் துப்பாக்கியைக் குறி பிசகாமல் சுட வைக்கும் பட்டறை வேலை. திருச்சிக்காரர்களுக்குத் துப்பாக்கி புதிதில்லை. 1966-இலிருந்து நம் ஊரில் படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. இந்த அரங்கில் பலருக்கு அங்கே வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ இருப்பார்கள். நான் அங்கே வேலை பார்த்தவன் அல்ல. டூல்ரூமில் பிட்டராக வாழ்நாளைக் கழித்தவன். ஆனால் இந்த வேலையைப் பற்றிப் படித்தபோதெல்லாம், என் பெஞ்சைப் பற்றியே படிப்பது போலிருந்தது. அதனால்தான் வந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் குற்றம். ஆகவே நான் சொல்வதை நாளைக் காலை லேத்தில் போட்டுப் பார்க்க யாரும் கிளம்ப வேண்டாம். இதில் இருக்கிற வேலைப் புத்தியைத்தான் உங்களுக்குக் கொடுக்க வந்திருக்கிறேன். அதற்கு உரிமம் வேண்டியதில்லை.

குறி பிசகாத துப்பாக்கி என்றால் என்ன? மையத்தில் அடிப்பதா? இல்லை தோழர்களே! ஒரு துப்பாக்கியில் ஐந்து தோட்டா சுடுகிறோம். ஐந்தும் மையத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம் போய், ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. அது நல்ல துப்பாக்கி. சைட்டின் திருகைத் திருப்பினால் அந்தக் கொத்து அப்படியே மையத்துக்கு நகர்ந்துவிடும். இன்னொரு துப்பாக்கியில் ஒன்று மையத்தில், ஒன்று மேலே, ஒன்று வலப்பக்கம், ஒன்று எங்கோ. மையத்தில் ஒன்று விழுந்ததே என்று அதைப் பாராட்ட முடியுமா? எந்தத் திருகைத் திருப்பினாலும் அது திருந்தாது.

அப்படியானால் அளக்க வேண்டியது கொத்தின் அகலத்தை. நம் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறதே, அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். 100 கஜத்துக்கு அப்பால் வைத்த அட்டையில் ஐந்து குண்டும் அந்த நாணயம் மூடுகிற இடத்துக்குள் விழுந்தால், அது ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ‘ஒரு மினிட்’ என்பார்கள். வேட்டைக்குப் போகிறவருக்கு அது போதும். மேசைமேல் வைத்துச் சுடும் பந்தயக்காரர்களுக்குப் போதாது. நாணயத்தில் கால்வாசிக்கும் கீழே கேட்பார்கள்.

அது எவ்வளவு சிறிய கணக்கு என்று நம் பட்டறை அளவிலேயே பார்ப்போம். குழல் இரண்டு அடி நீளம் என்று வையுங்கள். சுடும் நேரத்தில் அதன் முனை ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நகர்ந்துவிட்டது. 100 கஜம் என்பது 3,600 அங்குலம். இரண்டு அடியில் ஒரு தௌ என்றால், அங்கே 150 தௌ. நம் கொத்தனாரும் ஆசாரியும் ‘ஒரு நூல்’ என்கிறார்களே, அதைவிடச் சற்றுக் கூடுதல். இங்கே ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. அங்கே ஒரு நூலுக்கு மேல்! குழல் மட்டும்தானா நகரும்? போல்ட் நகரும், துப்பாக்கி உட்காரும் மரக்கட்டை நகரும், தோட்டாவே அறைக்குள் சாய்ந்து கிடக்கும். இத்தனையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே மாதிரி! இந்தத் தொழிலின் மந்திரம் அதுதான்.

அந்த ‘ஒரே மாதிரி’யை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே என் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்தொன்பது வயது. என் போர்மேன் இரண்டு வார்ப்பிரும்புத் தட்டைக் கொடுத்து, “ரெண்டையும் மட்டமாச் சுரண்டிக் கொண்டா தம்பி” என்றார். ஒன்றில் நீலம் பூசி, மற்றதன்மேல் வைத்து உரசி, நீலம் ஒட்டிய மேட்டை ஸ்கிரேப்பரால் சுரண்டுவது. மறுபடி நீலம், மறுபடி உரசல், மறுபடி சுரண்டல். பதினோரு நாள் சுரண்டினேன். கடைசியில் முகம் முழுக்க, மழை தூறின மண் போல, சீராகப் புள்ளி விழுந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பேசவில்லை. அலமாரியைத் திறந்து மூன்றாவது தட்டு ஒன்றை எடுத்தார். நீலம் பூசி என் முதல் தட்டில் உரசினார். ஓரத்தில் மட்டும் ஒட்டியது. இரண்டாவதில் உரசினார். நடுவில் மட்டும் ஒட்டியது. என் ஒரு தட்டு தோசைக்கல் போலக் குழிந்திருந்தது. மற்றது அதே அளவுக்குப் புடைத்திருந்தது. குழியும் புடைப்பும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தி, பதினோரு நாளும் ‘மட்டம், மட்டம்’ என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன!

“ரெண்டும் பேசி வச்சு உன்னை ஏமாத்திடுச்சுடா தம்பி” என்றார் போர்மேன். அன்று வந்த அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி உரசினால், மூன்றும் எல்லாவற்றோடும் பொருந்த ஒரே வழிதான் உண்டு. மூன்றுமே மட்டமாக இருக்க வேண்டும். வேறு அளவுகோல் எதுவும் இல்லாமல், வெறும் மூன்று இரும்புத் துண்டிலிருந்து மட்டத்தைப் பிறப்பிக்கிறோம். பிரமிக்க வைக்கிற விஷயம் இல்லையா?

இந்த முறையை ஊரறிய எடுத்துச் சொன்னவர் ஜோசப் விட்வர்த். 1803-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் கை பழகியவர். 1840-இல் கிளாஸ்கோவில் அறிஞர் கூட்டத்தின் முன்னால் இரும்பை மட்டமாக்குவது பற்றிக் கட்டுரை படித்தார். அடுத்த ஆண்டு திருகு மரைக்கு ஒரே அளவை முன்வைத்தார். நம் பட்டறைகளில் இன்றைக்கும் பழைய இயந்திரத்தில் 55 பாகை மரை வந்தால் ‘விட்வர்த் மரை’ என்கிறோமே, அந்த விட்வர்த்! 1851 லண்டன் பெருங்காட்சியில் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை உணரும் அளவு இயந்திரத்தைக் காட்டினார்.

1854. கிரிமியப் போர் காலம். என்ஃபீல்டு துப்பாக்கி செய்ய இயந்திரம் வடிவமைத்துத் தாருங்கள் என்று பிரிட்டிஷ் அரசு அவரிடம் போனது. அவர் என்ன கேட்டார் தெரியுமா? ஒரு குழல் நன்றாகச் சுடுகிறது, இன்னொன்று சுடவில்லை, ஏன்? காரணம் தெரியாமல் இயந்திரம் செய்ய மாட்டேன், முதலில் சுட்டுப் பார்க்க ஒரு இடம் கொடுங்கள் என்றார். மான்செஸ்டரில் அவர் வீட்டுத் தோட்டத்தில் 500 கஜ நீளத்துக்குக் கூரை போட்ட கொட்டகை எழுந்தது. புயல் அதைச் சரித்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். உள்ளே காற்று கிடையாது, வெயில் கிடையாது. வழிநெடுக மெல்லிய காகிதத் திரைகள். குண்டு ஒவ்வொரு திரையிலும் துளை போட்டுக்கொண்டே போகும். எங்கே தலையாட்டியது, எங்கே சாய்ந்தது என்று திரை சொல்லிவிடும். பேச முடியாத குண்டுக்கு வாய் கொடுத்தார் விட்வர்த்!

பலன் என்ன? என்ஃபீல்டின் குழல் 0.577 அங்குலம். உள்ளே வெட்டிய சுழல்புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வர்த் 0.451 அங்குலத்துக்கு இறங்கினார். அறுகோணக் குழல், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1857-இல் ஹைத் என்ற ஊரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சோதித்தார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி. விட்வர்த்துடையது 0.37 அடி. இரண்டு அடிக்கு மேல் எங்கே, ஐந்து அங்குலத்துக்குள் எங்கே! ஆனாலும் ராணுவம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. விலை பல மடங்கு, கரும்புகை மருந்தின் அழுக்கு சிறிய குழலில் சீக்கிரம் அடைக்கும் என்றார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படையின் குறிசுடுநர்கள் அதைக் கையில் எடுத்தார்கள், பலரைக் கொன்றார்கள். ஆயுதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதை நான் மறக்கவில்லை, தோழர்களே. நீங்களும் மறக்க வேண்டாம்.

1860 ஜூலையில் விம்பிள்டனில் முதல் தேசியத் துப்பாக்கிப் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கி வைத்தார். 400 கஜத்தில் இலக்கு. விட்வர்த் துப்பாக்கி ஒரு இரும்புத் தாங்கியில் பொருத்தப்பட்டிருந்தது. அரசி பட்டுக் கயிற்றை இழுத்தார், அவ்வளவுதான். குண்டு மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. அரசியின் திறமையா? இல்லை. கையை விலக்கிவிட்டுத் துப்பாக்கியை மட்டும் பேசச் சொன்ன தாங்கியின் திறமை. சுடுகிறவனும் துப்பாக்கியும் என் இரண்டு தட்டுகள் மாதிரி. பழகிப் பழகி ஒருவர் பிழையை ஒருவர் மூடிக்கொள்வார்கள். தாங்கிதான் மூன்றாவது தட்டு!

இனி போல்ட்டுக்கு வருவோம். வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை எப்படித் தள்ளி மடக்குகிறோம்? அதேதான். 1841-இல் பிரஷ்யா ஏற்றுக்கொண்ட டிரைசேயின் ஊசித் துப்பாக்கி அந்தத் தாழ்ப்பாளைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தது. 1898-இல் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் பால் மவுசர் அதை முழுமையாக்கினார். போல்ட்டின் முன்னால் பூட்டிப் பிடிக்க இரண்டு காதுகள், பின்னால் ஆபத்துக்கு உதவ மூன்றாவது காது. இன்றுள்ள போல்ட் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் பாட்டன். குறிபார்த்துச் சுடுகிறவர்கள் ஏன் இன்னும் இந்தப் பழைய தாழ்ப்பாளை விடவில்லை? பூட்டிவிட்டால் வெடிக்கிற நேரத்தில் அசைகிற உறுப்பு மிகக் குறைவு. அசையாத ஒன்றை ஒரே மாதிரி வைத்திருப்பது சுலபம்.

வெடிக்கிற நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது? லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு சொச்சம் காற்று அடிக்கிறோம். தோட்டா அறையில் அறுபதாயிரம் பவுண்டு! அந்த மொத்த உதையையும் வாங்கிக்கொள்வது போல்ட்டின் இரண்டு காதுகள். நீலம் பூசிப் பூட்டித் திறந்து பார்த்தால், ஆலையிலிருந்து வந்த பல துப்பாக்கிகளில் ஒரு காதில்தான் நீலம் அழிந்திருக்கும். மற்ற காது எட்டவே இல்லை. ஒரு தோளில் மட்டும் மூட்டை தூக்குகிறவன் எப்படிச் சாய்வான்? அப்படிப் போல்ட் சாயும். அதோடு போல்ட்டைச் சுமக்கும் உடற்பகுதி முழுதும் வில்லாக வளையும். இரண்டு காதும் சமமாக உட்காரும்வரை அரைத்துப் பொருத்துவதுதான் துப்பாக்கி ஆசாரியின் முதல் வேலை.

அதன்பின் லேத். குழல் வந்து முட்டுகிற முகப்பு, மரை, போல்ட்டின் முகம் மூன்றும் ஒரே அச்சுக்குச் செங்குத்தாக வேண்டும். குழலை நாலு தாடைச் சக்கில் பிடிக்கிறார்கள். எதை வைத்து டயல் பார்க்கிறார்கள்? வெளிப்பக்கத்தை வைத்தா? அங்கேதான் புதுப் பையன்கள் ஏமாறுகிறார்கள். வெளிப்பக்கம் வட்டமாக ஓடும், உள்ளே ஓட்டை வேறு பக்கம் போயிருக்கும். ஆழத்துளைத்த எந்தக் குழலிலும் ஓட்டை நேர்க்கோட்டில் போவதில்லை, லேசாக அலைந்துதான் போகும். நல்ல கைக்காரர் டயலின் ஊசியை ஓட்டைக்குள்ளேயே விட்டு, சுழல்புரியின் மேட்டிலேயே ஓடவிட்டு, ஒரு தௌவில் பத்தில் ஒரு பங்குகூட ஆடாதபடி நிறுத்தி, பிறகுதான் ரீமரைத் தொடுவார். குண்டு நடந்து போகப்போவது உள்ளே அல்லவா?

ஏன் இவ்வளவு பிடிவாதம்? கணக்குப் போடுவோம். அடிக்கு ஒரு சுற்று புரி. குண்டு வினாடிக்கு 2,600 அடி. அப்படியானால் வினாடிக்கு 2,600 சுற்று, நிமிடத்துக்கு 1,56,000 சுற்று! நம் லேத் எவ்வளவு ஓடும்? இரண்டாயிரம் ஓடினாலே அதிர்கிறது. அந்தச் சுழற்சியில் குண்டு சாய்ந்து நுழைந்து, அதன் எடைமையம் அச்சிலிருந்து தௌவில் பத்தில் ஒரு பங்கு விலகியிருந்தால், குழலை விட்டு வெளியேறும் கணத்தில் கவண்கல் போலப் பக்கவாட்டில் தெறிக்கும். 100 கஜத்தில் ஒன்றரை நூல் விலகல். காற்று இல்லை, கை நடுக்கம் இல்லை, ஆனாலும் ஒன்றரை நூல்.

இதைக் கண்ணால் பார்க்கத் தவித்த ஒரு மருத்துவர் இருந்தார். பிராங்க்ளின் மான், அமெரிக்கர். 1909-இல் குண்டின் பறத்தலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு. தரையில் காங்கிரீட் தூண் ஊன்றி, அதன்மேல் ‘வி’ எழுத்து வடிவப் பள்ளத்தில் குழலை மட்டும் கிடத்திச் சுட்டார். கட்டை இல்லை, தோள் இல்லை. பிறகு? வேண்டுமென்றே கெடுத்தார்! நல்ல குண்டுகளின் மூக்கைச் சிதைத்துச் சுட்டார். அடியைச் சிதைத்துச் சுட்டார். குழலின் வாயைச் சரிவாக அறுத்துச் சுட்டார். ஒன்றைக் கெடுத்து, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, என்ன மாறுகிறது என்று பார்த்தார். மூக்கு சிதைந்தால் குண்டு அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அடி சிதைந்தால் தாறுமாறாகப் போனது. கூர்மையான மூக்கைத்தானே எல்லோரும் மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள்? காரியம் அடியில் இருந்தது.

அடி ஏன் முக்கியம்? குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அதுதான். பின்னாலேயே அழுத்தமான வாயு பீறிடுகிறது. குழல்வாயின் விளிம்பு சுற்றிலும் சமமாக இருந்தால் வாயு சமமாக விடைகொடுக்கும். ஒரு பக்கம் சிறு பிசிறு இருந்தால் அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறி குண்டின் அடியைத் தட்டிவிடும். அதனால்தான் வாயின் விளிம்பை அச்சுக்குச் செங்குத்தாகத் திரும்பக் கடைந்து, சற்று உள்வாங்கி வைக்கிறார்கள், கீழே பட்டாலும் காயம் படாதபடி. பழைய லீ-என்ஃபீல்டு போல்ட் துப்பாக்கிகளில் கயிற்றில் துணி கட்டி இழுத்துத்தான் குழலைத் துடைத்தார்கள். சாய்வாக இழுத்து இழுத்து, கிணற்றுக் கயிறு கல்லைத் தேய்த்த மாதிரி, குழல்வாயின் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டார்கள். சுத்தம் செய்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடு.

இரும்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மரத்தை விட்டுவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். துப்பாக்கியின் உடற்பகுதி மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. முக்காலி ஆடுமா? ஆடாது. நாற்காலிதான் ஆடும். கட்டையில் நாலைந்து இடத்தில் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு, ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு விதமாக உட்காரும். அதற்குத்தான் எபாக்ஸியில் அச்சு வார்த்து, ஆட்டுக்கல்லில் குழவி உட்காருவது போல, இரும்பை அதன் குழியிலேயே உட்கார வைக்கிறார்கள். குழலையோ எதுவும் தொடக்கூடாது. கோயில் மணியை அடித்துவிட்டு ஓரத்தில் விரல் வைத்தால் நாதம் மாறிவிடுகிறதே, குழலும் அப்படித்தான் அதிர்கிறது. ஒரு ரூபாய் நோட்டை மடிக்காமல் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு, கடைசிவரை தடையில்லாமல் நகர்த்த முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஆசாரிகள், ஆலைச் சோதனையில் நன்றாகச் சுட்ட நான்காம் எண் லீ-என்ஃபீல்டுகளைப் பொறுக்கியெடுத்து, இருபதாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தொலைநோக்கி பூட்டிய குறிதுப்பாக்கிகளாக மாற்றினார்கள். அந்தத் துப்பாக்கியின் விதி நேர்மாறானது. முன்கட்டை குழலை வாய்ப்பக்கத்தில் சில பவுண்டு விசையோடு மேல்நோக்கித் தாங்க வேண்டும். மெல்லிய குழல், அதற்குத் தாங்கல் வேண்டியிருந்தது. தொடாமல் விடுவதும் சரி, தொடுவதும் சரி, எதுவானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி! ஆனால் மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைகிறவர்கள் ஏன் பழைய வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைத் தேடிப் போகிறார்கள்? பல தலைமுறை காய்ந்த மரம் இனி அசையாது. அந்த ஆசாரிக்கும் துப்பாக்கி ஆசாரிக்கும் ஒரே கவலை.

கடைசியாக ஒரு காட்சி. 2024 ஆகஸ்ட் 1, பிரான்சில் ஷாத்தோரூ. பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி. கோலாப்பூர் மாவட்டத்துப் பிள்ளை ஸ்வப்னில் குசாலே, அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட்டு 451.4 புள்ளியோடு வெண்கலம் வென்றார். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். குண்டே 5.6 மில்லிமீட்டர். நம் பையனின் மூச்சடக்கத்தைப் பார்த்து நாடே கை தட்டியது. நானும் தட்டினேன்.

ஆனால் அந்த மட்டத்தில் சுடுகிறவர்கள் போட்டிக்கு முன்னால் இன்னொரு வேலை செய்கிறார்கள். தோட்டா ஆலைகளின் சோதனைக்கூடத்துக்குத் தங்கள் துப்பாக்கியைக் கொண்டுபோகிறார்கள். கட்டையைக் கழற்றிவிட்டு, குழலோடு சேர்ந்த இரும்பை மட்டும் கனத்த பிடியில் இறுக்கி, 50 மீட்டருக்கு ஒவ்வொரு தொகுதித் தோட்டாவாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். ஒரே ஆலை, ஒரே பெயர், ஒரே டப்பா, தொகுதி எண் மட்டும் வேறு. ஒரு தொகுதி சிதறும். இன்னொன்று ஒரே துளையில் விழும். அடுத்தவர் துப்பாக்கியில் அதுவே தலைகீழாக நடக்கும். எந்தத் தொகுதி தன் குழலுக்கு இசைகிறதோ, அதை மொத்தமாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தோளும் இல்லை, கண்ணும் இல்லை, மூச்சும் இல்லை. இரும்புப் பிடி சொல்கிறது, சுடுகிறவர் கேட்கிறார். மான்செஸ்டர் கொட்டகையில் காகிதத் திரை சொன்னதை விட்வர்த் கேட்டார், காங்கிரீட் தூண் சொன்னதை மான் கேட்டார், என் போர்மேன் அலமாரியைத் திறந்தார்.

இதோ, மேசைமேல் துணி போட்டு மூடி வைத்திருப்பது மூன்று தட்டுகள். பக்கத்தில் நீலமும் ஸ்கிரேப்பரும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று புடைத்தது, ஒன்று குழிந்தது, ஒன்று மட்டமானது. எது எது என்று நான் சொல்லப் போவதில்லை. ஐ.டி.ஐ. பிள்ளைகளே, கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், ஒவ்வொருவராக உரசிப் பாருங்கள். பொறுமையாகப் பாருங்கள், மண்டபத்துச் சாவி இன்று என்னிடம்தான் இருக்கிறது. சட்டைக் கையை மட்டும் மடித்துவிட்டுக்கொள்ளுங்கள் தம்பி, இந்த நீலம் பட்டால் லேசில் போகாது.